எஞ்சினுக்கு வந்தவள்

பாரிஸில், லா சப்பலில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையில் பதினேழு வருடமாகச் சமைக்கிறேன். திங்கள் முதல் சனி வரை கொத்துரொட்டி, இடியப்பம், சோறு கறி. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி, ஒரு மணி நேரத் தூரத்தில் காட்டோரமாக ஓடும் ஒரு சிறிய ரயில்பாதைக்குப் போகிறேன். தண்டவாளங்களுக்கு இடையே அறுபது சென்ரிமீற்றர்தான். முன்பு சீனி ஆலைக்குப் பீட்கிழங்கு ஏற்றிய பாதை. இப்போது ஆசிரியர்களும் தபால்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து, சம்பளமில்லாமல், நூறு வயது தாண்டிய நீராவி எஞ்சின்களை அதில் ஓட்டுகிறார்கள்.

மகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் முதலில் அங்கே போனேன். பிள்ளைகள் பெட்டியில் ஏற, நான் எஞ்சினடியில் நின்றுவிட்டேன். நெருப்புக் கதவு திறந்தபோது முகத்தில் அடித்த வெக்கை எனக்குப் பழகிய வெக்கை. அதைக்கொண்டு நாற்பது பேரை மேட்டில் இழுத்துப் போகலாம் என்பதுதான் புதிது. அடுத்த ஞாயிறு தனியாகப் போய் அங்கத்துவப் படிவம் கேட்டேன்.

சங்கத் தலைவர் என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். சமையல் என்றதும் முகம் மலர்ந்தது. சிற்றுண்டிச் சாலைக்கு ஆள் இல்லை, சமோசா செய்யத் தெரியுமா என்றார். எஞ்சினுக்குக் கரி போட வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் கொதிகலன் குழாய்களில் கரி சுரண்டினேன், சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டேன். பிரெஞ்சில் எழுதும் சோதனையில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினேன். கோடை விழாவுக்கான பட்டியல் வந்தது. கரி போடுபவர் என்ற இடத்தில் தலைவர் தன் பெயரையே எழுதியிருந்தார். என் பெயர் சிற்றுண்டிச் சாலையில் இருந்தது.

வீட்டில் கணவர் சொன்னார்: “அந்தச் சமோசாவைச் செய்து குடுத்திட்டு வாருமன். ஏன் வெள்ளைக்காரரோட மல்லுக்கட்டுறீர்?”

“வெள்ளைக்காரரோட இல்லை. அந்தப் பட்டியலோட.”

விழாவன்று நீல வேலையுடுப்பில், வெறுங்கையோடு போனேன். சமோசாத் தட்டுகள் எங்கே என்று தலைவர் கேட்டார். செய்யவில்லை என்றேன். போன மூன்று முறையும் அவர்தான் கரி போட்டார், சோதனையில் தேறியவள் நான், இன்று என் முறை என்றும் சொன்னேன். பயணிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எஞ்சினை ஓட்டும் தபால்காரப் பெண் ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள். நான் ஏறினேன். தலைவர் பெட்டியில் போய் உட்கார்ந்தார்.

மேட்டில் எஞ்சின் நின்றுவிட்டது. பிழை என்னுடையதுதான். குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்ற அவசரத்தில் சவளால் கரியை அளவுக்கு மீறி வாரிப் போட்டேன். நெருப்பு மூச்சுமுட்டிக் கறுத்தது. நீராவி அழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே போனது. பெட்டியிலிருந்து யாரோ கேலியாகக் கைதட்டினார்கள்.

தலைவர் தண்டவாளத்தோரம் நடந்து வந்து கையை நீட்டினார்.

“சவளைக் கொடுங்கள்.”

“தரமாட்டேன்.”

அவர் கை நீட்டியபடியே நின்றார். நான் திரும்பி நின்று நெருப்பைக் கிளறினேன். அடியில் உருகி இறுகிக் காற்றை மறித்திருந்த கரிக்கட்டிகளை நீண்ட கம்பியால் உடைத்து இழுத்தேன். புகைபோக்கி வழியே காற்றை இழுக்கவைக்கும் நீராவிக் குழாயைத் திறந்துவிட்டு, கரி போடாமல் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்புத்தான் கடினம். கம்பியின் சூட்டில் வலது உள்ளங்கை கொப்பளித்திருந்தது. பத்து நிமிடமளவில் நெருப்பு மஞ்சளாகி, பிறகு வெள்ளையானது. முள் ஏறியது. தபால்காரப் பெண் பிரேக்கைத் தளர்த்தினாள். சக்கரங்கள் இரண்டு தரம் வழுக்கின. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டன. தலைவர் ஓடிப்போய்ப் பெட்டியில் தொற்றிக்கொண்டார்.

அன்று இன்னும் இரண்டு பயணம் போனோம். எங்கும் நிற்கவில்லை.

மாலைக் கூட்டத்தில் தலைவர், நான் இன்னும் மூன்று மாதம் பழகிய பிறகே எஞ்சினில் ஏறலாம் என்று பிரேரித்தார். நான் எழுந்து, “அந்த மேட்டில் எஞ்சினை நிறுத்திய எல்லாருக்கும் அதே விதி என்றால் எனக்குச் சம்மதம்” என்றேன்.

வசந்த காலத்தில் அவர் கரி போட்டபோதும் எஞ்சின் அதே மேட்டில் நின்றது எல்லாருக்கும் தெரியும். தபால்காரப் பெண்தான் முதலில் சிரித்தாள். பிரேரணைக்கு ஒரு கையும் உயரவில்லை. தலைவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். இன்றுவரை அவர் என்னோடு அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது பரவாயில்லை. விழாவுக்கு அடுத்த மாதத்திலிருந்தே கரி போடுபவர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது.

போன கிழமை எங்கள் கடைக்குக் கணவரும் வந்திருந்தார். என் கைத்தழும்பைப் பார்த்த பக்கத்து மளிகைக்கடைக்காரர், எண்ணெய் பட்டதோ என்று அவரிடம் கேட்டார். “இல்லை அண்ணை, இவ ரயில் ஓட்டுறா” என்றார் கணவர்.

“ஓட்டுறேல்லை,” என்று உள்ளேயிருந்து திருத்தினேன். “இப்ப நெருப்புத்தான் எரிக்கிறன். ஓட்டுற சோதனை மாசியில.”