அடிக்கட்டைகளை எண்ணிய ஞாயிறுகள்

எழுபதுகளின் நடுவில், ஆறு கடலில் சேரும் இடத்தருகே எங்கள் ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். ஊரை ஒட்டி, உப்புச்சேற்றில் கண்டல் என்கிற அலையாத்தி மரக் காடு. அங்கே காய்ந்த சுள்ளி பொறுக்கியதற்காக என் அம்மாவைப் பாரஸ்டர் பிடித்தார். சுள்ளிக்கட்டைத் தலையில் வைத்தபடியே மாதா கோயில் முன்னால் நிறுத்தினார். பூசை முடிந்து ஊரே வெளியே வந்தது.

"நல்லா பாத்துக்கிடுங்க. காட்ட அழிக்கிறவ இவதான்" என்றார்.

அதே வாரம் பச்சை மரம் ஏற்றிய லாரி ஒன்று தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது. கைகாட்டி அனுப்பியவர் அவர்தான். நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஆளை ஊரைவிட்டுத் துரத்தாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

நண்டு பிடிக்கிற பெண்களுக்குக் காட்டின் ஒவ்வொரு ஓடையும் தெரியும். ஞாயிறுதோறும் நீர் வற்றும் நேரம் பார்த்து அவர்களோடு சேற்றில் இறங்கினேன். கோடரி பட்ட அடிக்கட்டைகளுக்கு வெள்ளைப் பெயின்டில் எண் போட்டோம். எந்த ஓடை, எவ்வளவு பருமன், வெட்டு புதுசா பழசா என்று நோட்டில் எழுதினேன்.

"எதுக்குளா இந்தப் பாடு?" என்றாள் பக்கத்து வீட்டு மைனி.

"பழி வாங்கத்தான்."

மறுவாரம் அவள் தன் தங்கையையும் கூட்டி வந்தாள்.

நோட்டைப் பிரதியெடுத்து வனத்துறை மேலதிகாரிக்கு அனுப்பினேன். சில மாதம் கழித்து அவரே ஜீப்பில் வந்தார். "புயல்ல சாஞ்ச மரம் சார்" என்றார் பாரஸ்டர். அதிகாரி ஷூவைக் கழற்றினார். "வாங்க, எண்ணிப் பாத்திருவோம்."

பாரஸ்டரையே சத்தமாக எண்ணச் சொன்னார். அவர் ஒன்றைத் தாண்டிப் போனாலும் பெண்கள் விடவில்லை. "ஐயா, அங்கன ஒண்ணு நிக்கி." அவர் குரல் கம்மக் கம்ம எனக்கு இனித்தது. ஓர் ஓடையில் முழங்கால்வரை புதைந்து, காலை எடுக்க முடியாமல் தவித்தார். கை நீட்டியது, பெண்களோடு வந்திருந்த என் அம்மா.

"பிடிங்க ஐயா. இங்கன ஆழம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

"சேத்துல கெடக்கட்டும்னு விடச் சொல்லுதியா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

பாரஸ்டருக்கு மாற்றல் வந்தது. மாதந்தோறும் பெண்களே காட்டைச் சுற்றிப் பார்த்து எழுதியனுப்ப வேண்டும் என்று அதிகாரி ஏற்பாடு செய்தார். வெட்டிய இடங்களில் கண்டல் காய்களை ஊன்றும் வேலையும் எங்களிடம் வந்தது. டீச்சருக்கு மரம் என்றால் உயிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

பாரஸ்டர் கிளம்பிய நாளில் லீவு போட்டுவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பெட்டியோடு தனியாக நின்றிருந்தார்.

"இப்பம் திருப்திதானா டீச்சர்?"

"இல்ல" என்றேன்.

ஏரல் பஸ் வந்தது. அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.