தகரம் அடைத்த கால்வாய்க் கரை

"மொத நாளே அந்த போர்ட படிச்சிக்கினு வந்த. வூட்ல ஒரு வார்த்த சொல்லத் தெர்ல. நீ போய் நைனாவுக்கு வேற வயி கண்டுபுடிக்கப் போறியா?"

அம்மா இதைக் கேட்டபோது நைனா வலது கணுக்காலில் மாவுக்கட்டுடன் கட்டிலில் படுத்திருந்தார். அவள் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டாள்.

எங்கள் வீட்டிலிருந்து சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குக் கால்வாய்க் கரையை ஒட்டி ஒரு பாதை போகிறது. கார் நுழைய முடியாத அகலம். நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் மட்டுமே அதில் போவார்கள். சந்தையில் கம்பி ஏற்றி இறக்குவது நைனாவின் வேலை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கரையில்தான் சைக்கிளில் போய் வந்தார். முதலில் பள்ளிக்கும், பிறகு கல்லூரிக்காக ரயில் நிலையத்துக்கும் நான் நடந்ததும் அதே கரைதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

ஒரு நாள் மாலை ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது பாதையின் குறுக்கே தகரம் அடைத்திருந்தது. குழாய் பதிக்கும் வேலை. ஆழமான பள்ளம் இருக்கிறது, பாதை தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது, மெயின் ரோடு வழியாகச் செல்லவும் என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். படித்தேன். பக்கத்துச் சந்து வழியாக வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. எழுதி வைத்த ஒன்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று எந்த வயதில் நம்பத் தொடங்கினேனோ, எனக்கே தெரியாது.

முந்தின நாள் அடைப்பதற்கு முன்பே வேலை முடிந்து வந்துவிட்டதால் நைனாவுக்கு அது தெரியாது. மறுநாள் காலை தகரத்தின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கியிருக்கிறார். எங்கள் பக்கம் தெருவை அடைப்பது புதிதல்ல. சாவு விழுந்தாலும் காதுகுத்து வந்தாலும் தெருவின் குறுக்கே பந்தல் போட்டு அடைத்துவிடுவார்கள். அந்த அடைப்பு வண்டிகளுக்குத்தான். சைக்கிளிலிருந்து இறங்கி, மணி அடிக்காமல் தள்ளிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சாவு வீடென்றால் தலையில் கட்டிய துண்டையும் அவிழ்த்துக்கொள்ள வேண்டும். நைனா துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரோ வளைத்து வைத்திருந்த தகரத்தின் இடுக்கில் சைக்கிளை மெதுவாகத் தள்ளியிருக்கிறார். உள்ளே மண்மேடு இருந்தது. ஏறினார். மண் சரிந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த போர்டுல இன்னா எழ்தியிருந்துச்சி?"

சொன்னேன். கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் எழ்திக்கீறான்" என்றார்.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் பாதை திறக்கவில்லை. வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி இன்னும் இரண்டு மாதம் ஆகும், மெயின் ரோட்டில் போகட்டும் என்றார். அந்த ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். லாரிக்கும் ஓர மணலுக்கும் நடுவில்தான் சைக்கிள் விட வேண்டும். சட்டென்று காலை ஊன்ற முடியாதவர் அங்கே ஓட்டக் கூடாது. நைனாவோ திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டார். அம்மா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மீதி இருந்தது நான் வந்த அந்தச் சந்துதான். அடைப்புக்கு முன்னால் பிரிந்து, அடைப்பு முடிகிற இடத்தில் மறுபடி கரையில் சேரும். ஆனால் காலையில் தண்ணி லாரி வரும் முன்பே வரிசைக்காகக் குடங்களை வைத்துவிடுவார்கள். குடங்கள் சந்தின் முழு அகலத்தையும் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதற்குள் யாரும் சைக்கிளைக் கொண்டுபோவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். மனு எழுதுவதுபோல் நல்ல நல்ல வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். குடவரிசையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நான் முடிக்கும் முன்பே கேட்டுவிட்டாள்.

"இன்னாமே, உங்க நைனா சைக்கிள் வுட எங்க கொடத்த தூக்கணுமா? கெவுனரா அவுரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தயார் செய்தவை எல்லாம் போய்விட்டன. நடந்ததைச் சொன்னேன். பலகையை முதல் நாளே படித்தது, வீட்டில் சொல்லாமல் விட்டது, அதையும் சொன்னேன். அதுவரை வெளியாள் யாரிடமும் அதை நான் சொன்னதில்லை.

சிரிப்பு நின்றது. எத்தனை மணிக்குப் போவார் என்று அக்கா கேட்டாள். பிறகு தங்களுக்குள் கொஞ்ச நேரம் சண்டை போட்டுக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். குடங்களை ஒரு பக்கச் சுவரை ஒட்டி இரண்டு வரிசையாக வைப்பார்கள். ஆனால் ஒரு வாரம் நான் அங்கே நிற்க வேண்டும். யாருடைய சைக்கிள் பட்டுக் குடம் சாய்ந்தாலும் நான்தான் வேறு தண்ணீர் பிடித்து வந்து தர வேண்டும்.

நின்றேன். எனக்கு டிராபிக் என்று பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமை நைனா சைக்கிளைத் தள்ளியபடி நொண்டிக்கொண்டு வந்தார். காலேஜுக்கு நேரமாகிறது, போ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்தார். புதன்கிழமை சந்தைக்குப் போகும் இன்னும் சிலர் அவர் பின்னால் வந்தார்கள். அன்றைக்கு நிரம்பிய குடம் ஒன்று சாய்ந்தது. லாரி போய்விட்டிருந்ததால் அடுத்த தெருப் பம்பில் அடித்துத் தூக்கி வந்தேன். கல்லூரியில் முதல் வகுப்பு போனது.

அம்மா தான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி.

இப்போது பள்ளம் விம்கோ நகர் பக்கமாக நகர்கிறது. அடுத்த பகுதியை அடைக்கும் முன் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்க வேண்டும் என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்தேன். நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

நேற்று அங்கே தகரங்களை இறக்கினார்கள். இன்று காலை அந்தக் கரையோரம் இருக்கும் வீடுகளிலும் டீக்கடையிலும் நின்று, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது, எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று வாயால் சொன்னேன். இரண்டு வீடுகள் பூட்டியிருந்தன. கல்லூரி விட்டு வந்ததும் அந்த இரண்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன்.