மருந்துத் தட்டு

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது; கையெழுத்து வைப்பேன், பஸ்ஸின் பெயரை வாசிப்பேன். மற்றதெல்லாம் வாயால் சொல்வேன். ஐந்தாவதாக வளர்த்த பேத்தி எழுதுவாள்.

விபோர்க்குக்கு வெளியே ஒரு இறைச்சி மாட்டுப் பண்ணையில் நானும் மூத்த மருமகளும் வேலை செய்த காலம் அது. தொலைக்காட்சியைப் போட்டால் தமிழர் வழக்கு. ஊரிலுள்ள குடும்பங்களை இங்கே கூப்பிடும் மனுக்களை டெனிஷ் அரசாங்கம் ஏன் இழுத்தடித்தது என்று பெரிய விசாரணை. என்ன விசாரித்தாலும் இழுபட்ட வருடங்கள் திரும்பி வரவில்லை. மகனும் நானும் இங்கே, அவன் கட்டிய இந்த மருமகள் கொழும்பில் யாரோ வீட்டு அறையில். அவள் வந்து இறங்கியபோது கலியாணப் படத்தில் இருந்த முகம் இல்லை. வந்த பிறகு சனம் கேட்கத் தொடங்கியது, "இன்னும் ஒண்டுமில்லையோ?" என்று. நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கமாட்டேன் என்பது என் வீம்பு.

பண்ணை வேலை களைப்பு. ஊரில் எங்களிடம் மாடு ஒன்றுதான். அது கத்தினால் நாம்பன் காளையிடம் கொண்டுபோவோம், அதோடு முடிந்தது. இங்கே ஒரு மந்தை, எல்லாம் ஒரே காலத்தில் கன்று போடவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அதனால் மருந்து. மருந்து ஊறிய ஒரு சுருளைப் பசுவுக்குள் சில நாள் வைத்திருப்பார்கள், எடுக்கிற நேரம் ஊசி போடுவார்கள். பிறகு மாடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஏறுகிறதைப் பார்க்கக்கூடாது, கீழே அசையாமல் நிற்கிறதைத்தான் பார்க்கவேண்டும். அதுதான் சினைக்கு வந்த மாடு. காலையும் மாலையும் காற்றில் விறைத்துக்கொண்டு வேலியோடு நின்று பார்ப்பது எங்கள் வேலை. மருமகளுக்கு முதலில் ஒரே வெட்கம்.

"மாமி, இதையெல்லாம் அவையளுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"காதில கிடக்கிற இலக்கத்தைச் சொன்னால் காணும்."

ஊசி போடும் நாளில் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவது முதலாளியின் மனைவி. அந்த வருடம் அவளுக்கு வயிறு தள்ளியிருந்தது. மிருக வைத்தியர் அவளைக் கண்டதும் கையை வீசித் தூரப் போகச் சொன்னார். தட்டை என் மருமகளிடம் நீட்டி நீளமாக ஏதோ சொன்னார். வகுப்புக்குப் போய்ப் படித்ததால் டெனிஷ் அவளுக்குத்தான் வரும். எனக்கு எல்லாவற்றையும் அவள்தான் தமிழில் சொல்வாள்.

"என்னவாம்?"

"கையுறை போடட்டாம், மாமி."

அவ்வளவு நீளமாகச் சொன்னது வெறும் கையுறைக்கோ? வைத்தியர் போத்தலைக் காட்டினார். தூரத்தில் நின்ற முதலாளியின் மனைவியின் வயிற்றைக் காட்டினார். கூடாது என்று விரலை ஆட்டினார். பிறகு மருமகளைப் பார்த்து ஏதோ கேட்டார். சுற்றிவர ஆம்பிளைகள். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். ஆனால் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

மூன்று மாதம் போகமுன் எங்கள் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள். கண்பட்டுவிடும் என்ற பயம். அதிலும் மாமியாரும் அந்நிய ஆட்களும் பார்த்துக்கொண்டு நிற்க எப்படிச் சொல்வது? தட்டு இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவள் ஒரு கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள்.

நான் குறுக்கே போய்த் தட்டை வாங்கினேன்.

"மாமி, உங்களுக்கு முழங்கால் ஏலாதெல்லோ!"

"முழங்காலாலயே தட்டுத் தூக்கிறது? தள்ளி நில்."

வைத்தியரிடம் எனக்குத் தெரிந்த டெனிஷில், "நான் கிழவி, பயமில்லை" என்றேன். சிரித்தார். அப்போது நான் அப்படியொன்றும் கிழவியில்லை. மந்தை முடியும்வரை தூக்கினேன். கை மரத்துப்போனது.

பஸ்ஸில் வரும்போது அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மாமிக்கு எப்பிடித் தெரியும்?"

"உன்ர கை சொன்னது."

"தோலில பட்டாலே பிள்ளை கலைஞ்சு போகலாமாம், மாமி. ஓம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"சரி, விடு."

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அவருக்கே இன்னும் சொல்லேல்லை."

"நான் ஆருக்குச் சொல்ல? மாட்டுக்கோ?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுடைய பாரமான வேலையும் என் தலையில். முதலாளியிடம் தனக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு ஏலாது என்று அவளையே சொல்லவைத்தேன்.

இலையுதிரும் காலத்தில் வைத்தியர் வந்து பசுக்களுக்குள் கைவிட்டுச் சினை பார்த்தார். பிடித்தது நிற்கும், பிடிக்காதது இறைச்சிக்குப் போகும். மெலிந்ததுகளும், புதிதாக வாங்கி வந்து இடம் பழகாததுகளும்தான் கூடுதலாகச் சினை பிடிக்காமல் போயின. மருந்து சினைக்கு வரும் நாட்களைத்தான் ஒழுங்குபண்ணும், மற்றது மாட்டின் உடம்பில் இருக்கிறது என்றார். மருமகள் வேலிக்கு வெளியே நின்றாள். கோட்டுப் பொத்தான் பூட்டுப்படவில்லை. வைத்தியர் அவளைப் பார்த்தார், வாளியோடு நின்ற என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"கிழவி கெட்டிக்காரியாம். இனி என்னைக் கேக்கமாட்டாராம், உங்களைத்தான் கேப்பாராம்." இந்த முறை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

பிறந்தது பெண். தாய் தொழிற்சாலை வேலைக்குப் போக, நான் பண்ணையை விட்டுவிட்டு அவளை வளர்த்தேன். அவள்தான் என் ஐந்தாவது. இப்போது எழுதுகிறதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள்.

"என்ன பாக்கிறாய்? காணும், நான் களைச்சுப்போனன். முதலில இருந்து ஒருக்கா வாசி, பிள்ளை. அம்மா கையை ஒளிச்ச இடத்தில மட்டும் ஓடாமல் வாசி."