நாசிக்கா, சாலவாக்கமா?

லாரித் தொழிலில் கியர் போடப் பழகியதும் எதிரே வந்து நிற்கும் கேள்வி இதுதான்: உள்ளூர் வண்டியா, வெளியூர் வண்டியா? இந்தக் கேள்வியோடு சில நாளாவது புரண்டு படுத்த ஓட்டுநர்கள் இதைப் படித்துத் தலையசைப்பார்கள் என்று நம்புகிறேன்.

உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் பதினாறு ஆண்டுகள் கணக்கு நடத்தினேன். பள்ளியை மூடிய பின், நெடுநாள் ஆசையான கனரக வாகன உரிமத்தை நாற்பத்தாறு வயதில் பெற்றேன். ஊரிலேயே ஓர் அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. முதலாளியிடம் இரண்டு லாரிகள் இருந்தன. ஒன்று சுற்று வட்டார நெல்லை ஆலைக்குக் கொண்டுவரும். ஓட்டுநர் மாலையில் வீடு திரும்பிவிடலாம். மற்றது அரிசி ஏற்றி நாசிக் போய் வெங்காயத்தோடு வரும். போய்வர எட்டு, ஒன்பது நாளாகும். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார். சொன்ன பின் ஓராண்டுக்கு மாற்றம் கிடையாது.

சாலையை அடைத்த செடி

எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். அதைச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். நாம் ஒதுங்கிப் போக வேண்டும். இதை முதல் நாளே கற்றுக்கொண்டேன். ஒரு காலை சாலவாக்கத்துக்கு முன்னால், சாலையின் முழு அகலத்துக்கும் காய்ந்த செடிகளைப் பரப்பியிருந்தார்கள். ஒதுங்க இடமில்லை. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, உரியவர்கள் வந்து அள்ளட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். பின்னால் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் வேப்பமர நிழலிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்து, என்னை அண்ணாந்து பார்த்தார். "இன்னாம்மா, பூஜை போட்டுக்கினு கீறியா? நெல்லுன்னாதான் ஒதுங்கணும், இது உளுந்து! நீ ஏத்திக்கினு போனாத்தானே நெத்து ஒடையும்? ஏத்து, ஏத்து, ரெண்டு வாட்டி போயி வா!"

கதவு உள்ள குளியலறை

நாசிக் வண்டியில் என்னோடு வந்தவர் முனுசாமி. இருபது ஆண்டுகளாக அதே சாலையில் ஓட்டுபவர். இரண்டாம் நாள் கர்நாடகத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். ஓட்டுநர்கள் திறந்தவெளித் தொட்டியருகே நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே குளிப்பது என்று கேட்டேன். அவர் திகைத்து நின்றார். பிறகு உள்ளே போய், தெரிந்த கன்னடமெல்லாம் பேசி, மேலாளர் அறையோடு சேர்ந்த குளியலறையின் சாவியை வாங்கி வந்தார். நான் முடித்து வந்ததும், தோளில் துண்டோடு அவரும் அதற்குள்ளேயே போனார்.

வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "இருவது வருசமா வரேன் டீச்சர். இங்க சுடுதண்ணி கீதுன்னு ஒரு பய சொல்லல!"

தார்ப்பாய்

நாசிக்கில் வெங்காயம் ஏற்றினோம். மழை வரும்போல் இருந்தது. நெல் மூட்டைகளை மூடிய பழக்கத்தில், நான்கு பக்கமும் ஓர் இடுக்குக்கூட இல்லாமல் தார்ப்பாயைக் கட்டி, கயிற்றை இழுத்துச் சரிபார்த்தேன். முனுசாமி இரண்டு முறை வண்டியைச் சுற்றிவந்தார். "முடிச்செல்லாம் அளவெடுத்த மாதிரிதான் கீது. ஆனா இப்பிடி மூடினா ஊருக்குக் கொயம்புதான் வந்து சேரும் டீச்சர். காத்து பூற வழி வுடு!"

பரீட்சை

திரும்பும் வழியில், சோலாப்பூர் தாண்டிய நேர்ச்சாலையில், மூன்று மணி நேரம் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பதினாறு ஆண்டு வகுப்பறைக்குப் பின் அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும், உள்ளூர் வண்டியையே கேட்கப்போவதாகச் சொன்னேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இந்த ஆண்டு அருகில் இருக்க வேண்டும் என்று காரணமும் சொன்னேன். என் கணவர் உப்புமா கிளறியபடி, "நான் இங்கதானே இருக்கேன்?" என்றார். உண்மையில், தனியாக அவ்வளவு தூரம் போகத்தான் எனக்குத் துணிவில்லை.

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "பயமா இருந்தா பயம்னு சொல்லும்மா, ஒத்துக்கறேன். அதுக்கு எதுக்கு என் பரீட்சையை இழுக்குற? நீ தினம் சாயந்திரம் வந்து என் கணக்கு நோட்டைத் திருத்துனாதான் நான் ஃபெயில் ஆவேன்."

வெள்ளிக்கிழமை

முதலாளியின் முன் நின்று, நாசிக் வண்டியே வேண்டும் என்றேன். முன்கூட்டியே இருமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் வியப்படைவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மேசையிலிருந்து ஒரே ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "இன்னொண்ணை முனுசாமி நேத்தே வாங்கிக்கினு போயிட்டான் டீச்சர். 'சோலாப்பூர் ரோட்ல அந்தம்மா மொகத்தைப் பார்த்தேன், அது வெளியூர் வண்டியை வுடாது, எனக்கு உள்ளூரைக் குடு'ன்னான்."

ஆகவே, உள்ளூரா வெளியூரா என்று குழம்பும் புது ஓட்டுநர்களே, உங்கள் முடிவை ஊரில் எல்லோரும் தெரிந்துகொண்ட பிறகு கடைசி ஆளாக அதை நீங்களும் தெரிந்துகொள்வீர்கள், கவலை வேண்டாம்.