தெர்மோகோல் பெட்டியில் ஆறு வாத்து முட்டைகள்

எதிர் வீட்டில் புது ஃபிரிட்ஜ் இறங்கியது. அட்டையையும் தெர்மோகோலையும் தெருவில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் தூறல், பத்து மணிக்கு வெயில். நனைந்த தெர்மோகோல் சூடேறினால் ஒரு வாசனை வரும். பாதி மருந்துக்கடை, பாதி பேக்கரி. அது வந்தது. கூடவே அவனும் ஞாபகத்தில் வந்தான்.

அவன் என் அறைத்தோழன். இரண்டாயிரத்து ஒன்றில் பெங்களூர் ஓரம் சந்தாபுராவில் மாடி வீடு எடுத்து நாலு பேர் இருந்தோம். எல்லாரும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் புரோகிராம் எழுத வந்தவர்கள். எழுதினோமா என்றால் இல்லை, யாரோ எழுதியதில் ‘பக்’ என்கிற தப்புத் தேடினோம். அதற்குக் கழுத்தில் ஒரு அட்டை, அந்த அட்டைக்கு ஒரு திமிர்.

வேலை இல்லாதவனை வேலை இல்லாதவன் என்று கம்பெனி சொல்லாது, ‘பெஞ்ச்’ என்று சொல்லும். கேப் வைத்துக் கூட்டிப்போய் ஏ.சி.யில் உட்கார வைத்து, சாயங்காலம் கேப்பிலேயே கொண்டுவந்து விடும். அவன் மூன்று மாதமாக பெஞ்ச். ஊரில் சொல்லவில்லை.

ஆனேக்கல் ரோட்டில் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு ஆறு முட்டையோடு வந்தான். ஆம்லெட் என்று நினைத்தோம். அவன் மீன் வந்த தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கழுவி, நாற்பது வாட் பல்பு மாட்டி, உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் சோப்பு டப்பாவில் தண்ணீரும் வைத்தான். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்பவேண்டுமாம். கரண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் பிடித்துத் துண்டில் சுற்றி உள்ளே வைப்பான். கோழி முட்டை பொரிய இருபத்தொரு நாள், வாத்துக்கு இருபத்தெட்டு.

எங்களுக்குக் கிண்டல் செய்ய ஆள் கிடைத்தது. ரிலீஸ் டேட் எப்போ மச்சி என்று கேட்டோம். பத்தாம் நாள் பாத்ரூமை இருட்டாக்கி டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத மூன்றை ஒதுக்கினான். மூணு பக் க்ளோஸ் என்றேன் நான். அவன் சிரித்தான். அந்த மாதம் எதற்கும் சிரித்தான். ஒரே ஒரு தடவை, பல்பைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“ஊருக்குப் போறதுக்குள்ள ஒண்ணாவது வெளிய வரணும் மச்சி. நான் ஆரம்பிச்சது ஒண்ணாவது முடியட்டும்.”

கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக்கூடாது, பெட்டியின் மூடியைத் திறக்கக்கூடாது. திறந்தால் ஈரம் போய்விடும், ஓட்டுக்கு உள்ளே இருக்கிற தோல் காய்ந்து குஞ்சை இறுக்கிக்கொள்ளும். இதை நாலு தடவை சொன்னான். நாலு தடவையும் தலையாட்டினேன். மீட்டிங்கில் ஆட்டிப் பழகிய தலை.

இருபத்தேழாம் நாள் காலை ஒரு முட்டையில் சின்ன ஓட்டை. மூடியில் வெட்டி ஒட்டிய கண்ணாடி வழியாக அலகு நுனி தெரிந்தது. அன்றைக்குத்தான் அவனை ஆபீசில் கூப்பிட்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு போனான்; வேலையைவிட்டு அனுப்பப்போகிறவர்கள் முன்னால் நிற்க எதற்கு இஸ்திரி.

எனக்கு மதிய ஷிஃப்ட். வீட்டுக்காரர் மேலே வந்தார். பழைய பெங்களூர்த் தமிழர், கவர்மென்ட் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பகலில் பல்பு எரிவது அவருக்கு உறுத்தல். நான் வேடிக்கை காட்டினேன். மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, ஃபேன் தலைக்கு மேல் சுற்ற, கால் மணி நேரம் அவனைப் பற்றிக் கேலி பேசினேன்.

“என்னப்பா இது, நர்சிங் ஹோமா? அவனுக்கு வேற கெலசம், வேல ஒண்ணும் இல்லியா?” என்றார்.

“அதான் சார் இல்ல” என்றேன்.

நல்ல ஜோக். இருவரும் சிரித்தோம்.

அவர் போனபிறகு குனிந்து பார்த்தேன். ஓட்டையைச் சுற்றித் தோல் காகிதம் மாதிரி வெளுத்து, ரோமத்தோடு ஒட்டிக்கிடந்தது. அலகு திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அப்போதாவது சும்மா இருந்தேனா? படித்தவன் இல்லையா, உதவி செய்தேன். நகத்தால் ஓட்டில் ஒரு சில்லைப் பெயர்த்தேன். ரத்தம் ஒரு பொட்டு அரும்பியது. மூடியை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கேப் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

நாலு மணிக்கு அவன் பழுப்பு உறையோடு வந்தான். உறையை ஷெல்ஃபில் வைத்தான். கண்ணாடியில் ஆவி இல்லாததைப் பார்த்தான், பிறகு என்னை. கேட்டிருந்தால் வீட்டுக்காரர் மேல் பழியைப் போட்டிருப்பேன், வாக்கியம் தயாராக இருந்தது.

தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்குத் துளையில் படாமல் அந்தத் தோலை மட்டும் ஒற்றினான். ரத்தம் இருந்த இடத்தைத் தொடவில்லை. தோலில் ஓடுகிற ரத்தத்தை உள்ளே இழுத்து முடிக்காமல் குஞ்சு வரக்கூடாதாம், அதுவரை யாரும் உரிக்கக்கூடாதாம். சோப்பு டப்பாவோடு இன்னொரு டப்பா தண்ணீரும் வைத்து மூடினான். பிறகு சுவரில் சாய்ந்து வெறுமனே உட்கார்ந்தான். மூன்று மாதமாக அவனுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தவர்களுக்கு, அவன் எப்படி உட்காருவான் என்று தெரியாது.

மறுநாள் விடிந்தபோது ஓடு வட்டமாக அறுபட்டிருந்தது. ஏழு மணிக்குக் குஞ்சு தானாகவே உதைத்துக்கொண்டு வெளியே விழுந்தது. ஈரமாக, அசிங்கமாக, கழுத்து நிற்காமல். அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அன்று வெள்ளி. சனிக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், ஆறுதல் சொல்வார்கள். அதைத் தாங்க முடியாது என்று அன்றே கிளம்பினான். குஞ்சு அந்தச் சூட்டிலேயே காயட்டும் என்று பெட்டியில் விட்டான். மற்ற இரண்டு முட்டையிலும் அலகு தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. அவை ஞாயிறன்று வந்தன. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றையும் பிறகு வாத்துக்காரர்களிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அவன் கிளம்பிய அந்த வெள்ளியன்று ஓசூர் பஸ் வந்து நின்றது. அவன் பையை ஏற்றிக் கொடுத்தேன். மன்னிப்பு என்கிற சொல் வாய்வரை வந்து, ஊருக்குப் போய் மெயில் போடு என்று வெளியே விழுந்தது. அவன் படியில் நின்று திரும்பினான்.

“இன்னும் ரெண்டு இருக்கு. நீ ஒண்ணும் பண்ணாத மச்சி. அது போதும்.”