கழலவும் கூடாது, ஒட்டவும் கூடாது

முதலில் ஒரு விடுகதை. ஒரே சக்கரத்துக்கு இரண்டு மருந்து. ஒன்று, ‘பிடித்ததை விடாதே’ என்று சொல்லும். மற்றது, ‘உட்கார், ஆனால் ஒட்டிக்கொள்ளாதே’ என்று சொல்லும். இடம் மாற்றிப் பூசினால் இரண்டுமே கெடுதல். அவை என்ன?

விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்று, போல்ட்டின் மரையில் விடும் நீலப் பசை, திரெட்லாக்கர். மற்றது, இரும்போடு இரும்பு துருவேறி ஒட்டாமல் இருக்கப் பூசும் வெள்ளி நிறக் களிம்பு, ஆன்டி-சீஸ். சக்கர வேலை செய்கிறவனுக்கு நாள் முழுக்க இரண்டு பயம்: கழன்றுவிடுமோ, கழலாமலே போய்விடுமோ. சக்கரத்தில் முனகல் கேட்டதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டிய அன்பர்களே, இது உங்களுக்காக.

முனகும் பக்கம்

தேசிங்கு நெட்டுக்குப்பத்துக்காரர். ஏழு சீட் கார் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஒரு சாயங்காலம், திருவொற்றியூரில் இருக்கும் என் ஷெட்டுக்கு வந்தார். வண்டியில் கடைசிப் பிள்ளை யாழினி மட்டும் இருந்தாள். நான்காம் வகுப்பு; எங்களுக்கு அடுத்த தெரு.

பின்னால் ஏதோ முனகுகிறது, எந்தச் சக்கரம் என்று தெரியவில்லை என்றார். யாழினியின் அம்மா கலாவுக்கும் அது கேட்டுவிட்டதாம். சத்தம் நிற்காவிட்டால் மகளை பஸ்ஸில் அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம். அந்தத் தெருவில் கலா எதைச் செய்கிறாரோ அதைத்தான் மற்ற அம்மாக்களும் செய்வார்கள். யாழினி போனால் வண்டியே காலி.

வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது எடை மறுபக்கச் சக்கரத்தில் சாயும், தேய்ந்த பேரிங் அப்போதுதான் உரக்க முனகும் என்று தேசிங்குக்கு விளக்க வாயெடுத்தேன். அதற்குள் புத்தகப் பையை இறக்காமலே யாழினி சொன்னாள்: “ரைட்ல திரும்பனா கத்துது மாமா. லெப்ட்ல திரும்பனா கம்முனு கீது. அப்ப லெப்ட் சக்கரந்தானே?”

கடைவாய்ப் பல்

இடப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். இந்த வண்டியில் பேரிங்கும், சக்கரத்தை மாட்டும் ஹப்பும் ஒரே துண்டு. அச்சின் முனையில் இருக்கும் குழிக்குள் அது உட்கார்ந்திருக்கும். பின்னாலிருந்து நான்கு போல்ட் அதைப் பிடித்திருக்கும். போல்ட்டுகள் நல்லபடியாக வந்துவிட்டன. ஹப் வரவில்லை. கடற்காற்று குழிக்குள் புகுந்து துருவை வளர்த்து, இரண்டு இரும்பையும் ஒன்றாக்கியிருந்தது. எண்ணெய் விட்டேன், தட்டினேன், காத்திருந்தேன், மறுபடியும் தட்டினேன்.

ஒரு வழியாக வந்தது. குழியைப் பளபளவென்று தேய்த்து, அதன் சுவரில் மட்டும் வெள்ளிக் களிம்பை மெல்லியதாகத் தடவினேன். பிரேக் பக்கம் ஒரு பொட்டுக்கூடப் போகவிடவில்லை. புது ஹப்பை உட்காரவைத்து, போல்ட்டின் மரைகளைத் துடைத்துக் காயவைத்து, ஆளுக்கு ஒரு சொட்டு நீலப் பசை விட்டேன். வண்டிக் கம்பெனியின் கையேடு சொன்ன இறுக்கத்துக்கு, வைத்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்சால் முடுக்கினேன். எல்லாம் முடிந்ததும் தேசிங்கு பெருமூச்சு விட்டார்: “நானும் பாத்துகினே கீறேன் நைனா. இது பேரிங் மாத்தறதா, கடவாப் பல்லு புடுங்கறதா?”

காதர் பாயின் சிவப்பு

பக்கத்து லேத் பட்டறை காதர் பாய்க்கு என் வெள்ளிக் களிம்பைக் கண்டாலே ஆகாது. “கழண்டாதான் பேஜாரு. கழலாட்டி இன்னா?” என்பார். அவரிடம் இருப்பது சிவப்புப் பசை. நீலம் ஸ்பேனருக்குக் கட்டுப்படும். சிவப்பு, நெருப்பைக் காட்டினால்தான் இளகும்.

தன் சொந்தக் காரின் சக்கர நட்டுகள் எல்லாவற்றுக்கும் அந்தச் சிவப்பை விட்டுவிட்டு, ஒரு நாள் மாதவரத்தில் பஞ்சராகி நின்றிருக்கிறார். பஞ்சர் கடைக்காரர் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தும் ஒரு நட்டுகூட அசையவில்லை. அந்த ஆள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னதை, காதர் பாயே சிரித்துச் சிரித்து எங்களுக்குச் சொன்னார்: “பாய், இது நட்டா, வெல்டிங்கா? டயரை இங்கியே வுட்டுட்டு வண்டிய மட்டும் எடுத்துகினு போ!”

படகு வைத்தியம்

சில வாரம் கழித்து தேசிங்கின் வலப் பின்சக்கரமும் முனகத் தொடங்கியது. இந்த முறை அவர் என்னிடம் வரவில்லை. அவருடைய அண்ணன் ஏழுமலை, காசிமேட்டு விசைப்படகில் இன்ஜின் பார்ப்பவர். “இதுக்கு எதுக்கு ஷெட்டு, நானே மாத்தறேன்” என்று இறங்கிவிட்டார். குழிக்குக் கிரீஸ் பூசினார். அதில் பெரிய தப்பில்லை. ஆனால் நான்கு போல்ட்டுகளின் மரைக்கும் படகுக் கிரீஸை அப்பி, கைக்கணக்கில் இழுத்து முடுக்கிவிட்டார்.

ஒரு காலை, பிள்ளைகள் உள்ளே இருக்க, பின்னால் ‘டொக் டொக்’ என்று இடித்திருக்கிறது. கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் தேசிங்கு ஓரங்கட்டிவிட்டார். யாருக்கும் அடியில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஒரு போல்ட்டைக் காணோம். இரண்டு, விரலாலேயே சுற்ற வந்தன. பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். விஷயம் தெரிந்ததும் கலா என் ஷெட் வாசலுக்கே வந்து, தேசிங்கைப் பார்த்துச் சொன்னார்: “நாளைலேர்ந்து எம்பொண்ணு பஸ்ல போவட்டும். நீ வண்டிய ரெடி பண்ணு, நான் வந்து பாக்கறேன். அப்பால பேசிக்கலாம்.”

ஒரே இழுப்பு

அன்று ஏழுமலையும் வந்தார். காதர் பாய் விடுவாரா? “கிரீஸ் போட்டா கழலாம இன்னா பண்ணும்?” என்றார். “உப்புக்காத்துல கிரீஸ் போடாம வுட்டா அறுத்துதான் எடுக்கணும் பாய்” என்றார் ஏழுமலை. இருவரையும் பார்க்கவைத்து இரண்டு போல்ட்டுகளை ஒரு பழைய இரும்பில் முடுக்கினேன். ஒன்று காய்ந்தது, ஒன்று கிரீஸ் போட்டது. ரெஞ்சில் ஒரே அளவுதான் வைத்தேன். ஆனாலும் கிரீஸ் போட்டது ‘டக்’ என்று சொல்வதற்குள் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டது. வழுக்குவதால் அதே இழுப்பில் போல்ட் அளவுக்கு மீறி நீள்கிறது. கைக்கணக்கில் இழுத்தாலோ கூடுகிறதா, குறைகிறதா என்றே தெரியாது. அப்புறம் ரோட்டுப் பள்ளங்கள் குலுக்கக் குலுக்க, வழுக்கும் மரை தானாகவே திரும்பப் பார்க்கும்.

ஏழுமலை குனிந்து இரண்டையும் தொட்டுப் பார்த்தார். எனக்கு ஒரு சந்தேகம். இது உண்மையென்றால் படகில் கிரீஸ் போட்ட நட்டுகள் ஏன் கழல்வதில்லை? அவரிடமே கேட்டேன். “கடலுக்குப் போற ஒவ்வொரு தபாவும் எல்லா நட்டையும் கையால தொட்டுப் பாத்துட்டுதான் இன்ஜின ஸ்டார்ட் பண்ணுவோம் மாமு. ரோட்டுல ஓட்றவன் எவன் தொட்டுப் பாக்கறான்?”

வெள்ளைக் கோடு

குழிக்கு வெள்ளி, மரைக்கு நீலம் என்று மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். போல்ட்டுகள் புதியவை. ஏழுமலை சொன்னது மனதில் இருந்ததால், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து அச்சு வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கலா மகளோடு வந்தார்.

“இனிமே கழலாதுன்னு சொல்லுவியா?” என்று என்னைக் கேட்டார்.

“அப்படிச் சொல்ல மாட்டேம்மா. கழண்டா இந்தக் கோடு ரெண்டா ஒடைஞ்சு நிக்கும். குனிஞ்சு பாத்தா தெரியும்.”

“யாரு குனியறது?”

“நான்தான் தாயி. தெனம் காலைல, புள்ளைங்கள ஏத்தறதுக்கு முன்னாடி” என்றார் தேசிங்கு.

கலா மகளிடம் திரும்பினார்: “போறவ நீ. நீயே சொல்லுடி. பஸ்ஸா, இந்த வண்டியா?”

எந்த டியூபை எங்கே பூசுவது என்று பெரியவர்கள் நாங்கள் மூன்று பேர் சண்டை போட்டோம். பூசியது சரிதானா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை நான்காம் வகுப்பிடம் விட்டுவிட்டோம்.

யாழினி குனிந்து நான்கு கோடுகளையும் பார்த்தாள். வண்டியில் போவதாகச் சொன்னாள். திங்கட்கிழமை அதே வலப் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டில் உட்கார்ந்தாள்.