சந்திரகாந்தாவின் புகைக் காவல்

விடியற்காலை ஐந்தரைக்குப் பின்கதவை நான்கு விரல் அகலத்துக்குத் திறந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டினாள் சந்திரகாந்தா. இரண்டு முறை மோந்தாள். கதவைச் சாத்தினாள். "மலையில மானாப்புல்லு எரியிற வாடைதான். நேத்தையவிட இன்னைக்குக் கிட்ட வந்திருச்சு" என்று வீட்டுக்குள் பார்த்து அறிவித்தாள். கேட்க இருந்தது ஒரே ஆள்: இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கும் அவள் புருஷன் நல்லையா.

இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஓகஸ்ட் வெயிலுக்கு மலை தீப்பற்றுவது புதினமில்லை. இந்த வருடம் ஒன்பது நாளாக எரிகிறது. பீடித் துண்டு என்கிறார்கள் சிலர். மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று எவனோ கொளுத்தினான் என்கிறார்கள் சிலர். எவன் வைத்தானோ, புகை நேரே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. பாதிப் பேருக்கு இருமல், மீதிப் பேருக்குக் கண்ணெரிச்சல். நல்லையாவுக்கோ ஏற்கெனவே இழுப்பு. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தூசு தின்ற நெஞ்சு. "இன்னொரு தரம் இப்படி மூச்சடைச்சு வந்தா என்னால ஒண்ணும் சொல்ல ஏலாது" என்று கிளினிக் டொக்டர் போன மாதம் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து சந்திரகாந்தா லயத்துக்கே புகைப் பொலிஸ்.

வாசலிலும் ஜன்னலிலும் ஈரச் சேலை தொங்கும். விறகடுப்பு மூட்டினால் வாசலில் வந்து நிற்பாள். அடுத்த வீட்டு நிஷாந்தியிடம் ஒருநாள், "என்னா கருகுது?" என்றாள்.

"ரொட்டி பெரியம்மா."

"ரொட்டின்னாலும் புகை புகைதான். எறக்கு அத."

லொறி ஓட்டும் ரமேஸ் கீழ் லயத்தில் குப்பை கொளுத்தியபோது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள். உள்ளே அவன் மரவள்ளிக் கிழங்கு சுட வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்காக இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்ததில்லை.

நிஷாந்தி படித்த பெண். ஃபோனை நீட்டி, "காத்து நல்லாருக்குன்னு போட்டிருக்கு பெரியம்மா" என்றாள்.

"அது எந்த ஊருக் காத்து?"

"கண்டி."

"அப்ப கண்டிக்காரவங்க நல்லா மூச்சு விடட்டும்" என்று சேலையை நனைக்கப் போய்விட்டாள்.

இந்தச் சட்டமெல்லாம் ஆடிக் கடைசி வெள்ளியில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. மாரியம்மன் கோயிலில் அன்று சாம்பிராணித் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு அம்மனை மூன்று சுற்று வருவது நல்லையாவின் உரிமை. முப்பத்தொரு வருடமாக அவர்தான். வேலையை விட்டு நின்றபின் தோட்டத்தில் யாரும் அவரை எதற்கும் கூப்பிடுவதில்லை. இது ஒன்றுதான் மிச்சம்.

சந்திரகாந்தா கோயில் தலைவர் மாணிக்கவாசகத்தைப் போய்ப் பிடித்தாள். "தலைவரே, இந்த வாட்டி சாம்பிராணி வேணாம். கற்பூரத்தோட நிப்பாட்டிக்குங்க."

"தூபம் இல்லாம பூசையா? என்னாம்மா பேசுற நீ?"

"மலையே ஒம்பது நாளா தூபம் போட்டுக்கிட்டுத்தானே இருக்கு. அம்மனுக்கு இன்னும் என்னா கொற?"

தலைவர் ஆயிற்றே, இறங்கி வருவாரா? "அவருக்கு ஏலாட்டி சொல்லு, ரமேஸைத் தூக்கச் சொல்றேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதைக் கேட்டதும் நல்லையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் உசுரோட இருக்கயிலேயே என் தூபத்த எடுத்துக் குடுத்துட்டு வந்திட்டியா புள்ள?" அவ்வளவுதான். மத்தியானச் சோற்றை அவர் தொடவில்லை. சண்டை பிடித்திருந்தால் அவளும் ஒரு கை பார்த்திருப்பாள். தொடாமல் கிடந்த அந்தத் தட்டை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் மூச்சு போய்விடுமோ என்று பயம். அவர் முகம் செத்துப்போனதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. சாயந்தரம் அவளே வேட்டியை எடுத்து வைத்து, இழுப்புக்கு அடிக்கும் பம்ப்பை அவர் மடியில் செருகினாள். ரமேஸிடமும் தலைவரிடமும் போய், "அவருதான் தூக்குவாரு" என்று மட்டும் சொன்னாள்.

முதல் சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவதில், அம்மனுக்குப் பின்பக்கம் போகும்போது, மணிச் சத்தத்தையும் மீறி நல்லையாவின் நெஞ்சு விசில் அடிப்பது கேட்டது. கால் நின்றுவிட்டது. பாதியில் கீழே வைப்பது ஆகாது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்திரகாந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள். பூசை கெட்டது என்று தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் தூபக்காலை வாங்கினாள். "நிஷாந்தி, பெரியப்பாவ கெழக்கு வாசலுக்குக் கூட்டிட்டுப் போ. பம்ப்ப ரெண்டு தரம் அடிக்கச் சொல்லு" என்றாள். பிறகு, கருகிய ரொட்டிக்கே ஊரைக் கூட்டும் அந்தப் பெண், விட்ட இடத்திலிருந்து நடக்கத் தொடங்கினாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்ற, மூலைக்கு மூலை நின்று இருமி, இரண்டாவதை முடித்து மூன்றாவதையும் முடித்தாள். தலைவர் மணி அடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் நேரே வெளியே குழாயடிக்குப் போய்க் கங்கின் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கரியைக் கொட்டி, தூபக்காலை முந்தானையால் துடைத்தாள். கிழக்கு வாசல் படியில் நல்லையாவுக்கு மூச்சு ஒருவாறு அடங்கியிருந்தது. தலை மட்டும் நிமிரவில்லை. சந்திரகாந்தா குளிர்ந்துபோன தூபக்காலை அவர் இரண்டு கையிலும் வைத்து, முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, எல்லோரும் பார்க்க அதை உள்ளே கொண்டுபோய் அதன் இடத்தில் வைக்கும்படி அவர் முதுகில் லேசாகத் தள்ளினாள்.